லுத்ஃபியின் வலது தோள்

வெறுமையாகக் கீழே போன கூடை, மேலே வரும்போது ரொட்டியோடு வந்தது. இனாயாத் ரொட்டி கேட்கவே இல்லை.

பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நான்கு மாடிக்குக் கீழே கட்டடத்துக் காவலாளி தர்தீரி தலைப்பாகையைச் சரிசெய்தபடி கையாட்டினார்.

"சூடா இருக்கு மேடம். இப்பதான் அடுப்புல இருந்து வந்துச்சு."

"நான் கேக்கலையே, தர்தீரி."

"நீங்க கேக்கலைன்னா என்ன, கூடை கேட்டுச்சே."

எங்கள் தெருவில் கூடைக்கென்று ஒரு பாஷை உண்டு. எண்ணெய்ச் சீசா வைத்து இறக்கினால் எண்ணெய் வரும். துணி வைத்து இறக்கினால் இஸ்திரிக்காரர் எடுத்துக்கொண்டு போவார். ஒன்றும் வைக்காமல் இறக்கினால், "வழக்கமா அனுப்புறதை அனுப்பு" என்று அர்த்தம். அலெக்சாண்டிரியாவில் கடலைப் பார்க்காத வீடுகூட உண்டு, கூடை தொங்காத பால்கனி கிடையாது.

இனாயாத் ரொட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மறுபடி வெறும் கூடையை இறக்கினாள். இந்தத் தடவை மொச்சை வண்டிக்காரர் ஒரு பை மொச்சையும் நாலு வெங்காயமும் போட்டு அனுப்பினார். மூன்றாவது தடவை கீரை வந்தது.

"லுத்ஃபி, உன் தோளால இன்னிக்கு நம்ம வீட்டுல கல்யாணச் சாப்பாடு" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

சோபாவில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் லுத்ஃபி "ம்" என்றார். வலது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். டிராமில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். இறங்கும் இடத்தைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிப் பழகிய வாய். அந்த வாய் சில மாதங்களாக "ம்" என்ற ஒரு சொல்லை வைத்தே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

எல்லாம் தோளால் வந்தது என்பது இனாயாத்தின் முடிவு. அலமாரிமேல் இருந்த பெட்டியை எடுக்கப் போனவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது, கை மார்புக்கு மேல் எழாமல் போனது, கையோடு சேர்ந்து மனிதரும் உட்கார்ந்துவிட்டார். அதற்கு முன்னாலேயே அவர் பேச்சைக் குறைத்துவிட்டார் என்று யாராவது சொன்னால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

அவளும் வீட்டைவிட்டு இறங்கி வெகுநாளாகிறது. கேட்டால் முழங்கால் என்பாள். லிஃப்ட் ரிப்பேர். படியில் இறங்கினால் இரண்டாம் மாடியில் தங்கை தஹானியின் வீடு. குளிர்காலத்தில் தஹானி இறந்ததிலிருந்து அந்தக் கதவு பூட்டிக் கிடந்தது. அக்காவும் தங்கையும் மாலை தவறாமல் கடற்கரைக்கு நடந்து போவார்கள், ஊர் வம்பு முழுவதையும் பேசித் தீர்த்துவிட்டுத் திரும்புவார்கள். தஹானியைப் பற்றி இனாயாத் இப்போது பேசுவதில்லை. முழங்காலைப் பற்றி நிறையப் பேசுவாள்.

ஜன்னல் திரைகளையும் அவள் மூடியே வைத்திருந்தாள். வெயில் பட்டால் சோபா உறை வெளுத்துவிடுமாம்.

இந்த நிலையில்தான் லுத்ஃபி எங்கேயோ போய் டாக்டர் மைசாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். இயன்முறை மருத்துவம் பார்க்கும் சின்னப் பெண். முதல் நாள் அவள் லுத்ஃபியின் தோளை லேசாகத் தொட்டதற்கே அவர் போட்ட சத்தத்தில் இனாயாத்தின் கையிலிருந்த தேநீர் சிந்தியது.

"பாத்தியாம்மா, எவ்வளவு வலின்னு" என்றாள் இனாயாத். "இந்த வருஷம் ஒருத்தியை மண்ணுக்குக் குடுத்துட்டேன். இவரை சோபாவுக்குக் குடுக்க என்னால ஆகாது. எப்படியாவது எழுப்பி விட்டுடு."

மைசா அவளையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு பால்கனிக்குப் போய்ச் சுருட்டி வைத்திருந்த கூடைக் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"நல்ல கயிறு, ஆன்ட்டி. தினமும் காலையிலயும் சாயந்திரமும் கூடையை இறக்கி ஏத்தணும். ஆனா தனியா விட்டா அங்கிள் செய்ய மாட்டாரு. நீங்க முன்னாடி செஞ்சு காட்டணும். உங்களைப் பார்த்து அவரு செய்வாரு."

"வைத்தியம் பண்ற நீ நாற்காலியில உக்காந்திருப்ப, நான் கயிறு இழுக்கணுமா?"

"உங்களுக்காக இல்லையே, அவருக்காகத்தானே."

அந்த ஒரு வார்த்தையில் இனாயாத் மடங்கிவிட்டாள். மைசா அவள் பின்னால் நின்று, முன்னால் சுருண்டிருந்த அவள் தோள்களைப் பிடித்துப் பின்னுக்குத் திருப்பினாள். கூடை இறங்கும்போது மூச்சை உள்ளே வாங்கச் சொன்னாள், இழுக்கும்போது வெளியே விடச் சொன்னாள்.

"இப்படிச் செஞ்சா தோள் சரியாயிடுமா?"

"தோள் மட்டும் இல்ல ஆன்ட்டி. தோள் சுருண்டா நெஞ்சு சுருங்கும், மூச்சு மேலோட மேலயே நின்னுடும். அப்ப மூளை ஏதோ ஆபத்து வந்துடுச்சுன்னு நினைச்சுக்கும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மாசக்கணக்கா. கையைத் தூக்கி, விலாவை விரிச்சு, மூச்சை அடிவயிறு வரைக்கும் இறக்கினா, பயப்படாதேன்னு உள்ளே ஒரு சேதி போகும். நாம வாயால சொன்னா மனசு கேக்காது. உடம்பு சொன்னா கேக்கும்."

இனாயாத் நம்பவில்லை. மனசு வேறு, தோள் வேறு. எலும்பு முறிவுக்கும் துக்கத்துக்கும் ஒரே டாக்டர் இருந்து அவள் பார்த்ததில்லை. ஆனாலும் புருஷனுக்காகக் கயிற்றைப் பிடித்தாள். அவர் முறை வந்தால் லுத்ஃபி கயிற்றைத் தொட்டு முனகிவிட்டு மறுபடி அவளிடமே நீட்டுவார். இப்படியாகத்தான் ரொட்டியும் மொச்சையும் கீரையும் வீட்டுக்குள் வந்து குவிந்தன.

அடுத்த நாள் அவள் ஒரு யோசனை செய்தாள். கூடை வெறுமையாக இருப்பதால்தானே சாமான் வருகிறது? உள்ளே ஒரு மூட்டை அரிசியை வைத்தாள். கனத்துக்குக் கனமும் ஆயிற்று.

கூடை கீழே போனது. மேலே வரும்போது அரிசி இல்லை. தெருவில் ஒரு பெண்மணி இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி ஏந்தியபடி நின்றிருந்தாள்.

"அல்லா உங்க கையை வலுவாக்கட்டும் மேடம், உங்க வீட்டை நிறைக்கட்டும்."

"தர்தீரி, யாரது?"

"ஏழைங்கதான் மேடம். வெள்ளிக்கிழமையாச்சே, தானம் அனுப்புறீங்கன்னு நான்தான் பிரிச்சுக் குடுத்தேன். நம்ம தஹானி அம்மா பேரைச் சொல்லித்தான் குடுத்தேன்."

கொடுத்த அரிசியைத் திருப்பிக் கேட்க எந்த வாயால் முடியும்? அதுவும் தஹானி பெயரில் போன அரிசி. "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தவள், அன்று மதியம் காரணமே இல்லாமல் ஒரு மூச்சு அழுதாள். அழுது முடித்ததும் பசித்தது. தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவள், எத்தனையோ நாளாகச் சாப்பாட்டின் உப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரியாமல் இருந்ததைக் கவனித்தாள். இன்று தெரிந்தது. மொச்சையில் எலுமிச்சை தூக்கலாக இருந்தது.

மறுநாள் அந்தத் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. கூடை இறங்குமுன்பே கீழே வரிசை நின்றது.

"தானம் தர்ற மாதிரி எதையும் வைக்காதே" என்றார் லுத்ஃபி சோபாவிலிருந்து. அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்ததில் இனாயாத்துக்கு அரிசி போனது மறந்துவிட்டது.

கம்பளிப் போர்வையை மடித்து வைத்தாள். இஸ்திரிக்காரர் எடுத்துப் போய்ப் பளபளவென்று இஸ்திரி போட்டு அனுப்பினார், கூடவே "கோடையில எதுக்கும்மா கம்பளி" என்ற கேள்வியையும் அனுப்பினார். தண்ணீர் நிரப்பிய சீசாவை வைத்தாள். மளிகைக்காரர் அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கெட்டுப்போன எண்ணெய் என்று மன்னிப்புக் கேட்டு, புது எண்ணெய் நிரப்பி அனுப்பினார்.

ஒவ்வொரு முறையும் இனாயாத் பால்கனியில் நின்று கீழே கத்த வேண்டியிருந்தது. கத்தக் கத்த அவளுடைய பழைய குரல் திரும்பி வந்தது. எதிர் வீட்டுக்காரி, "அடடே, இந்தம்மா ஊருலதான் இருக்காங்களா?" என்று கேட்டாள். "நான் இருக்கேன், உன் வாய்தான் இன்னும் ஊர் சுத்திக்கிட்டிருக்கு" என்று இனாயாத் திருப்பிக் கொடுத்தாள். அன்று கீழே பழக்காரன் முதல் மேலே புறா வளர்ப்பவன் வரை எல்லோரும் சிரித்தார்கள்.

கயிறு இழுக்க வெளிச்சம் வேண்டுமென்று திரையைத் திறந்தவள் மூட மறந்தாள். வீட்டுக்குள் கடல் வெளிச்சம் வந்து விழுந்தது. இரவில் படுத்தால் விடிந்த பிறகுதான் கண் விழித்தாள். கயிற்றை இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ ஒன்று, பூட்டிப் பல நாளான அறையைத் திறந்ததுபோல, மெல்ல அகன்றது. இரண்டு கைகளும் ஒரு கயிறும்தானே, இவற்றுக்குள் எங்கே இருந்தது இவ்வளவும் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. இத்தனை வயது வரை இந்த உடம்போடு குடியிருந்தும் அதை ஒரு நாளும் சரியாக விசாரிக்கவில்லையே என்று தோன்றியது.

ஆனால் அவள் பெரிதாக வியந்தது லுத்ஃபியைப் பார்த்துத்தான். அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்திருந்தார். தேநீர் கேட்டார். டிராமில் ஆடு ஏற்றிய கதையை மறுபடி சொன்னார்.

"நீ சொன்னது நிஜம்தான் போல" என்று அவள் மைசாவிடம் ஒப்புக்கொண்டாள். "இவரு மூஞ்சி எப்படி ஆயிடுச்சு பாரு. ஆனா ஒண்ணு, கைதான் இன்னும் எழும்ப மாட்டேங்குது. மனசு மேல வந்துடுச்சு, கை கீழயே கிடக்கு. இது எந்த ஊரு வைத்தியம்?"

"சில பேருக்குக் கை கடைசியிலதான் எழும்பும், ஆன்ட்டி. நீங்க விடாம செய்யுங்க. கனத்தை மட்டும் கொஞ்சம் கூட்டுங்க."

லுத்ஃபி இருமினார்.

கனமாகவும் இருக்க வேண்டும், யாரும் தின்னவும் கூடாது, தேய்க்கவும் கூடாது, நிரப்பவும் கூடாது. சமையலறை முழுக்கத் தேடி, கடைசியில் அவள் அம்மா கொடுத்த பித்தளை உரலைக் கண்டுபிடித்தாள். உரலோடு அதன் குட்டி உலக்கையையும் கூடையில் போட்டாள். இதற்குக் கூடைப் பாஷையில் அர்த்தமே இருக்க முடியாது என்று நிம்மதியாகக் கயிற்றை விட்டாள்.

கீழே ஒரு பெண்ணின் குலவைச் சத்தம் கேட்டது. தொடர்ந்து இன்னும் இரண்டு பெண்கள் குலவையிட்டார்கள்.

இனாயாத் அவசரமாகக் கயிற்றை இழுத்தாள். கூடை கனமே இல்லாமல் மேலே வந்தது.

"தர்தீரி, என் உரல் எங்கே?"

"உள்ள கொண்டு போயிட்டாங்க மேடம். சந்தோஷத்துல ரீஹாமுக்கு அழுகையே வந்துடுச்சு."

தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருந்த ரீஹாமுக்குப் பெண் குழந்தை பிறந்து, அன்று மாலை ஏழாம் நாள் விழா. குழந்தையின் காதருகே பித்தளை உரலை இடித்து, இந்த உலகத்துச் சத்தம் இதுதான் என்று அறிமுகப்படுத்துவது எங்கள் வழக்கம். இப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு மிக்ஸி இருக்கிறது, உரல் இல்லை. காலையிலிருந்து அவர்கள் அக்கம்பக்கமெல்லாம் உரல் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் நான்காம் மாடியிலிருந்து, துக்கத்தில் இருக்கும் வீட்டிலிருந்து, உரல் இறங்கி வந்திருந்தது.

"சந்தோஷம், வச்சுக்கட்டும். முடிஞ்சதும் கூடையில அனுப்பச் சொல்லு."

"அதெப்படி மேடம்? உரல் குடுத்தவங்கதானே வந்து இடிக்கணும்."

அதுவும் எங்கள் தெரு வழக்கம்தான். இனாயாத்துக்கும் தெரியும். உரல் ஒருத்தியுடையது, இடிக்கிற கை இன்னொருத்தியுடையது என்றால் குழந்தை யார் பேச்சையும் கேட்காமல் வளரும் என்பார்கள்.

"எனக்கு முழங்கால் வலி" என்று கீழே கத்தினாள். உள்ளே திரும்பி, "லுத்ஃபி, நீ போய் இடிச்சுட்டு வாயேன்" என்றாள்.

"நானா? பொம்பளைங்க நடுவுல? அதுவும் இந்தத் தோளை வச்சுக்கிட்டா?"

அவள் முகம் மறுபடி பழையபடி இருண்டதை லுத்ஃபி பார்த்தார். அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் பழைய இடங்களில் உட்கார்ந்துவிடுவார்களோ என்று அந்த அறையே பயந்ததுபோல் இருந்தது.

மாலையில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால், ரீஹாமின் கணவனும் அவன் அண்ணன் தம்பிகளுமாக நாலு பேர், நடுவில் கை வைத்த நாற்காலி ஒன்று.

"முழங்கால் வலின்னு சொன்னீங்களாம். ஏறி உக்காருங்க ஆன்ட்டி, பூ மாதிரி இறக்கிடுவோம்."

இனாயாத் நாற்காலியைப் பார்த்தாள், நாலு பேரையும் பார்த்தாள்.

"நாலு பேர் தூக்குற நேரம் எனக்கு இன்னும் வரலை. வழியை விடுங்கடா."

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியில் கால் வைத்தாள். பின்னால் வெறும் நாற்காலியைச் சுமந்துகொண்டு நாலு பேரும் வந்தார்கள். முழங்கால் வலிக்கும் என்று ஒவ்வொரு படியிலும் காத்திருந்தாள். அது வலிக்கவில்லை. மூன்றாம் மாடி தாண்டியது.

இரண்டாம் மாடியில் கால் நின்றுவிட்டது. தஹானியின் கதவு. பச்சைப் பெயின்ட் அப்படியே இருந்தது, பிடியில் தூசி படிந்திருந்தது. நெஞ்சு பழையபடி சுருங்கியது, மூச்சு மேலேயே நின்றது. பின்னால் வந்தவர்களில் ஒருவன் நாற்காலியை முன்னால் நீட்டினான்.

இனாயாத் கையால் அதைத் தள்ளினாள். தோள்களைப் பின்னுக்குத் திருப்பினாள். கூடை இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டு மூச்சை வாங்கினாள், கயிற்றை இழுப்பதாக நினைத்துக்கொண்டு விட்டாள். மறுபடி வாங்கினாள், மறுபடி விட்டாள். துக்கம் எங்கும் போகவில்லை, அங்கேயேதான் இருந்தது. ஆனால் அது இருக்கவும் அவள் நிற்கவும் சேர்த்து இப்போது உள்ளே இடம் இருந்தது. அந்த இடம் எப்படி உண்டாயிற்று என்று நினைக்கவே அவளுக்கு மெய் சிலிர்த்தது.

"தஹானி, கீழ ஒரு சின்னப் பொண்ணு வந்திருக்கா. பாத்துட்டு வர்றேன்" என்று கதவிடம் சொன்னாள். சால்வை முனையால் கதவுப் பிடியின் தூசியைத் துடைத்துவிட்டு மிச்சப் படிகளில் இறங்கினாள்.

கீழே மெழுகுவத்தியும் கடலையும் மிட்டாயுமாக வீடு நிறைந்திருந்தது. வழக்கப்படி ஒரு பெரிய சல்லடையில் துணி விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்திருந்தார்கள். இனாயாத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உலக்கையைக் கையில் எடுத்தாள். முதல் இடியிலேயே ஜன்னல் அதிர்ந்தது.

"அம்மா பேச்சைக் கேளு" என்று இடித்தாள். "அப்பா பேச்சைக் கேக்காதே" என்று இடித்தாள். "பெரியம்மா இனாயாத் பேச்சை மட்டும் தட்டாதே" என்று தன் பங்குக்கு ஒன்று சேர்த்து இடித்தாள்.

பெண்கள் சிரித்தார்கள், குலவையிட்டார்கள். பல நாள் கயிறு இழுத்த தோள் சளைக்கவில்லை. அவ்வளவு சத்தத்துக்கும் குழந்தை அழவில்லை. கண்ணை மெல்லத் திறந்து, சத்தம் வரும் திசையைப் பார்த்தது. பிறந்து ஏழே நாளான அந்தக் கண்கள் தன்மேல் வந்து நின்றபோது இனாயாத் உலக்கையை மடியில் வைத்துவிட்டாள். இப்படி ஒன்று தரைத்தளத்தில் நடந்துகொண்டிருக்க, தான் நான்கு மாடிக்கு மேலே திரையை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம் என்று நினைத்தாள். வெட்கமாகவும் இருந்தது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது.

விழா முடிந்ததும் காற்று வாங்க வாசலுக்கு வந்தாள். தெரு முனையில் கடல் தெரிந்தது. அண்ணாந்து பார்த்தாள். பால்கனியில் லுத்ஃபி, கட்டிய கையோடு கம்பிமேல் பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணைத் துடைப்பது அவ்வளவு கீழேயிருந்தும் தெரிந்தது.

"பாவம் மனுஷன்" என்றாள் இனாயாத், பக்கத்தில் நின்ற தர்தீரியிடம். "நான் இவ்வளவு பாடுபட்டும் அவரு கை மட்டும் எழும்பலை பாரு. நாளைக்கு அந்த டாக்டர் பொண்ணைக் கேட்டு வேற ஏதாவது வழி பண்ணணும்."

தர்தீரி தலைப்பாகையைக் கழற்றி, கொஞ்சம் தயங்கி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நீங்க கீழ இறங்கி வர்ற வரைக்கும் ஐயா கையைத் தூக்கக் கூடாதுன்னுதான் டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க மேடம். இப்ப தூக்கிக்கலாம்னு அவருகிட்ட நான் சொல்லட்டுமா?"